சிலுவையை மட்டும் மாற்றியவன்

மத்தியானத்திலிருந்தே வீட்டுக்குள் ஈரமண் வாசம் அடித்தது. ரூபன் மூக்கைச் சுளித்துக்கொண்டு எழுந்துபோய், வெளிக்கதவுக்கும் உள்கதவுக்கும் நடுவிலிருந்த சின்ன முன்னறையை எட்டிப் பார்த்தான். பூட்சுகள், துப்பாக்கி, கிழிந்த வலை எல்லாம் போட்டது போட்டபடி கிடந்தன. பக்கத்து வீட்டு எல்மரின் நிலவறையில், வருடம் முழுக்க இறுகிக் கிடக்கும் உறைமண் உருகித் தண்ணீர் ஏறி, திமிங்கலக் கறி அழுகியிருக்கும் என்று முடிவு கட்டினான். சோம்பேறிப் பயல், வேறென்ன செய்வான்.

ரூபனுக்கு அந்த வடதுருவக் கடலோர ஊரில் யாரைக் கண்டாலும் இளக்காரம்தான். அக்டோபர் பாதி போயும் கடல் உறையவில்லை, பனிக்கட்டி தடுக்காத அலை மூன்று நாளாகக் கரையைக் கடித்துத் தின்றுகொண்டிருந்தது, ஊரே உள்ளே நகர வேண்டும் என்று ஊர்ச்சபையில் வாய் கிழியப் பேசினார்கள். மண்ணை அளக்க வந்த ஆராய்ச்சிக்காரர்கள் முழங்கால் சேற்றில் சிக்கி விழுந்ததைப் பார்த்து அவன் சிரித்த சிரிப்பு இன்னும் அடங்கவில்லை. போன கோடையில் கரையோர இடுகாட்டை மாற்றச் சொன்னார்கள். அவரவர் வீட்டுச் சவப்பெட்டியை அவரவரே தோண்டியெடுத்து மேட்டில் புதைக்க வேண்டும். எல்லோரும் நாள்கணக்கில் அழுதுகொண்டு தோண்டினார்கள். ரூபன் இரண்டு அடி தோண்டினான், சேறு நாறியது, மண்வெட்டியைக் கடாசிவிட்டு அப்பாவின் சிலுவையை மட்டும் பிடுங்கிக்கொண்டுபோய் மேட்டில் ஒரு வெறுங்குவியலின் தலையில் நட்டான்.

"உங்கப்பாவை எடுத்தியா?" என்று அன்று மனைவி வில்மா கேட்டாள்.

"தோண்டி, சுமந்து, புதைச்சு எல்லாம் ஆச்சு. இடுப்பு விட்டுப்போச்சு."

"கனமா இருந்தாரா?"

"செத்தவருக்கு என்னடி கனம், விடுவியா!"

அப்பாவின் பெயர் கனாயுக். அவர் செத்த மாதத்தில் பிறந்த மகளுக்கு அந்தப் பெயரையே வைத்திருந்தான். அந்த ஊரில் செத்தவர் பெயர் குழந்தைக்கு வந்துவிட்டால் ஆளே திரும்பி வந்த மாதிரி. அதனால் ஐந்து வயதுக் குட்டியை அவன் 'அப்பா' என்பான், 'வாங்க, போங்க' என்பான். அவளும் குறைவைக்காமல், "டேய் மவனே, பிஸ்கட்டு எடுத்தா" என்பாள். பெற்ற அப்பாவை யாரும் அதட்ட மாட்டார்கள் என்பதால் அவளைப் பிறந்ததிலிருந்து ஒரு சுடுசொல் சொன்னதில்லை. உலகத்தில் அவன் ஏளனம் செய்யாத ஒரே ஆள் அவள்தான். எல்மர் வீட்டுக்கு விளையாடப் போகிறேன் என்று சிவப்பு அங்கியை மாட்டிக்கொண்டிருந்தாள். போயிருப்பாள். வில்மா பள்ளிச் சமையலறையில் இருந்தாள்.

அடுப்பில் மான் சூப் கொதித்தது. காற்று ஒட்டுப்பலகைச் சுவரைத் தட்டித் தட்டிப் பார்த்தது, அதற்கடியில் அலை மோதும் சத்தமும், மோதிய பிறகு பெரிய மண்கட்டி ஏதோ மெதுவாகப் பெயர்ந்து தண்ணீரில் இறங்கும் சத்தமும் தரை வழியாக அவன் உள்ளங்காலுக்கு வந்துகொண்டிருந்தன. அலமாரியிலிருந்த ரேடியோ கரகரத்தது.

"ரூபன், எல்மர் பேசறேன். பழைய இடுகாட்டுக் கரை சரிஞ்சு விழுந்துடுச்சு. ஒரு பெட்டி பாதி வெளியில தொங்குது. யாருதுன்னே தெரியல, நாமதான் எல்லாத்தையும் எடுத்தாச்சே?"

ரூபன் ரேடியோவின் ஒலிவாங்கியை வாயருகே இழுத்தான். "ஏதாவது மீன்பெட்டியா இருக்கும். கண்ணாடி போட்டுப் பாருய்யா."

"மீன்பெட்டிக்கு யாருய்யா கைப்பிடி வெப்பாங்க?" எல்மரின் குரலுக்குப் பின்னால் அலை இரைந்தது. "மூடி இல்ல. உள்ள காலி."

அலை கொண்டுபோயிருக்கும் என்று ரூபன் தனக்குள் சொல்லிக்கொண்டான். செத்தவர் நீந்தியா வரப்போகிறார் என்று நினைத்துச் சிரிக்கவும் பார்த்தான். சிரிப்பு வரவில்லை.

வெளிக்கதவு திறந்தது. முன்னறையில் பூட்சைத் தரையில் உதறும் ஓசை. ஒன்று. இரண்டு. குழந்தை வந்துவிட்டாள் என்று அவனுக்கு உயிர் வந்தது.

"அப்பா! வாங்க, உள்ள வாங்க. சூப் சூடா இருக்கு."

பூட்சு ஓசை நின்றது.

"யாரைடா கூப்பிடற, மவனே?" படுக்கைத் திரைக்குப் பின்னாலிருந்து தூக்கக் குரல். "நான் இங்கதான இருக்கேன்."

சிவப்பு அங்கியோடு அவள் திரையை விலக்கி எட்டிப் பார்த்தாள். எங்கும் போகவில்லை. அங்கியைப் போட்டபடியே தூங்கியிருக்கிறாள்.

உள்கதவின் கைப்பிடி திரும்பியது. மெதுவாக. மண் வாசம் அறையை அடைத்தது.

அடக்கத்தன்று வில்மா போர்த்திவிட்ட அதே மான்தோல் அங்கி. கறுப்புச் சேறு. ஐந்து வருடம் உறைமண்ணில் கெடாமல் கிடந்த முகம். இப்போதுதான் உருகத் தொடங்கியிருந்தது. தாடையிலிருந்து தரையில் சொட்டியது.

"மவனே," என்றது. "கூப்பிட்டியே."

ரூபன் கத்தினான். வாழ்நாளில் அப்பாவிடம் பேசாத குரலில் கத்தினான்.

"போங்க! வெளிய போங்கப்பா! இது உங்க வீடு இல்ல! கனாயுக், வெளிய போங்க!"

வந்தவர் அசையவில்லை.

மகள் அசைந்தாள். உதடு பிதுங்கியது. இறங்கினாள். கட்டிலடியில் கிடந்த பூட்சை இடம் வலம் மாற்றி மாட்டிக்கொண்டாள்.

"இல்லப்பா, உங்களை இல்ல..."

யாரை? எப்படிச் சொல்வது? அவள் கிழவரின் அக்குளுக்குக் கீழே புகுந்து போய்விட்டாள். வெளிக்கதவு படாரென்றது. ரூபன் பாய்ந்தான். கிழவர் உள்கதவைச் சாத்தி அதில் முதுகைச் சாய்த்துக்கொண்டார். ரூபனின் நெஞ்சில் ஒரு கை வைத்தார். கை கனத்தது. ஈர நிலம் மொத்தமும் கனத்தது. கீழே சரிந்த ரூபன் ஜன்னலுக்குத் தவழ்ந்தான்.

மூடுபனிக்குள் சிவப்பு அங்கி. எல்மர் வீட்டுப் பக்கம் அல்ல. கரைப் பக்கம். வீட்டைவிட்டுத் துரத்தப்பட்ட பெரியவரைப் போல, தலை குனிந்து, திரும்பிப் பார்க்காமல்.

"டோரீன்!" பள்ளிப் பதிவேட்டில் இருந்த பெயர். அந்தப் பெயருக்கு அவள் என்றுமே திரும்பியதில்லை. இன்றும் திரும்பவில்லை.

கண்ணாடியை அறைந்தான். தொண்டை கிழிந்தது.

"அப்பா! அப்பா!"

"இங்கதான்டா இருக்கேன்," என்றது முதுகுக்குப் பின்னால். நாற்காலி இழுபடும் ஓசை. ஈரமாக ஏதோ உட்காரும் ஓசை.

"அப்பா! நில்லுங்கப்பா!"

"இருக்கேன் மவனே. எங்கயும் போகல."

சிவப்பு சிறுத்தது. கரை விளிம்பில் நின்றது. கீழே மண் பெயர்ந்தது.