பதிலாள் கேட்காத கேள்வி

பத்திரப் பதிவு நடந்துகொண்டிருந்த ஒன்பது நிமிடமும் சேவியர் அந்த வீட்டு முற்றத்தில் ஒரு வாளித் தண்ணீரோடு நின்றிருந்தார்.

"என்னங்க இது? வீடு இன்னும் நம்மளுதே ஆகல," என்றாள் அமலி.

"ஆகறதுக்கு முன்னாடிதானே பாக்கணும்."

வாளியைச் சாய்த்தார். தண்ணீர் தெருப்பக்கம் போகவில்லை. கொஞ்சம் தயங்கி, வளைந்து, கிழக்கே சமையலறைச் சுவரை நோக்கி ஓடியது. "பாத்தியா? எனக்கென்னவோ..." என்று அவர் ஆரம்பிக்கும்போதே அமலியின் கைக்கடிகாரம் மணியடித்தது. பதிவு முடிந்துவிட்டது. வாழ்த்துகள்.

"தண்ணி ஆராய்ச்சி போதும். பால் பொங்குது, வாங்க," என்றாள். அவர் சிரித்துக்கொண்டே வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டு வந்தார்.

வீடு வாங்குவது எப்படி என்பதை மனிதர்கள் மறந்து பன்னிரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. எல்லாவற்றையும் பதிலாள் பார்த்துக்கொண்டது. நாற்பது நாள் ஒருவரோடு இருந்து, அவர் பேச்சையும் ஆசையையும் பயத்தையும் கற்றுக்கொண்டு, அவரைப் போலவே யோசிக்கும் செயற்கை மனம் அது. தாய்ப்பத்திரம் படிக்கும், முப்பது வருட வில்லங்கம் பார்க்கும், விற்பவரின் பதிலாளோடு பேரம் பேசும், கையெழுத்தும் போடும். சட்டம் அதை ஏற்றுக்கொண்டிருந்தது. ஆள் இறந்தாலும், அவர் பேரில் இருக்கும் சொத்து கைமாறும்வரை அவருடைய பதிலாளுக்கு உயிர் உண்டு.

அந்த ஐப்பசியில் மூன்று நாள் விடாமல் மழை பெய்தது. மூன்றாம் நாள் காலை மெயின் சுவிட்சை அணைக்கச் சமையலறைக்குள் போன சேவியர் மேல் கிழக்குச் சுவர் விழுந்தது.

அவர் சாவுக்குக் காரணம் இயற்கைச் சீற்றம் என்று எழுதினார்கள். அமலி தாம்பரத்தில் தங்கை வீட்டில் தங்கிக்கொண்டு, பதிவுத்துறை ஆவணக் காப்பகத்துக்குத் தினமும் போய்வந்தாள். யாரும் கேட்காத நகல்களைக் கேட்டு வாங்கினாள். கிரயம், தானம், பாகப்பிரிவினை, விடுதலை என்று ஒவ்வொரு பத்திரமாகப் படித்தாள். புரியாத சொல்லை எழுதிவைத்துக்கொண்டு மறுநாள் தேடினாள். அழுகை வந்த நாட்களிலும் இரண்டு பக்கமாவது படித்தாள்.

எட்டாவது மாதம் கைக்கடிகாரம் பேசியது. "நல்ல செய்தி. சுவர் புதுப்பிக்கப்பட்ட உங்கள் வீட்டுக்கு ஆள் கிடைத்துவிட்டது. உங்கள் பதிலாளும் கணவரின் பதிலாளும் சம்மதித்துவிட்டன. வியாழக்கிழமை பதிவு. நீங்கள் வரத் தேவையில்லை."

அவள் போனாள்.

சார்பதிவாளர் அலுவலகத்தில் பழைய நாற்காலிகள் வெறுமையாகக் கிடந்தன. சார்பதிவாளர் குலோத்துங்கன் தனியாக உட்கார்ந்து முறுக்கு தின்றுகொண்டிருந்தார். நல்ல நேரத்தில் வாசலில் நின்று படம் எடுத்துக்கொள்ள வந்திருந்த இளம்பெண் ஒருத்தி மட்டும் ஓரமாக நின்றாள். வீட்டை வாங்கவிருந்த ஹரிணி அவள்தான்.

"என் பதிலாளைத் திரும்ப வாங்கிக்கறேன். என் வீட்டுக்காரரோடதையும்," என்றாள் அமலி.

குலோத்துங்கன் முறுக்கைக் கீழே வைத்தார். "அப்படியெல்லாம் முடியாதும்மா. யார் கையெழுத்துப் போடறாங்களோ அவங்களுக்குப் பத்திரம் புரியணும். அதுக்குப் புரிதல் தேர்வு இருக்கு. பன்னெண்டு வருஷமா ஒருத்தரும் எழுதல."

"எழுதறேன்."

"ஆன்ட்டி, பத்தரைக்குள்ள முடியணும்," என்றாள் ஹரிணி எரிச்சலோடு. "விக்க இஷ்டமில்லன்னா முன்னாடியே சொல்லியிருக்கலாமே."

"உங்க வீட்ல வாளி இருக்காம்மா?"

"என்னது?"

அமலி மூலையில் தூசி படிந்திருந்த தேர்வுப்பொறியின் முன் போய் உட்கார்ந்தாள். அது கேட்கக் கேட்க விடை சொன்னாள். பட்டா வேறு, கிரயப் பத்திரம் வேறு என்றாள். வாரிசு விட்டுப்போன பாகப்பிரிவினை எப்படிப் பிற்பாடு வில்லங்கமாகும் என்றாள். இருபது கேள்வி. இருபதாவது முடிந்ததும் பச்சை விளக்கு எரிந்தது. குலோத்துங்கன் தன்னை அறியாமல் எழுந்து நின்றார்.

அப்போது சுவரில் இருந்த ஒலிபெருக்கியில் சேவியரின் குரல் வந்தது. "அமலி, அந்த வீடு நமக்கு வேணாம். வித்துடலாம்மா."

அந்த 'ம்மா' அச்சு அசலாக அவருடையது. அவள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆறு வீடு பாத்தோம். ஒவ்வொரு வீட்லயும் நீங்க முதல்ல என்ன செஞ்சீங்க?"

"வாளித் தண்ணீரை ஊற்றியது. அது தாமதப் பண்பு என்று வகைப்படுத்தப்பட்டு நீக்கப்பட்டது. தாமதப் பண்புகளை நீக்கியதால்தான் வீடு விரைவில் கிடைத்தது."

அவள் மேசை விளிம்பை விட்டாள். பிறகு நிமிர்ந்தாள்.

"அப்ப நீ அவர் இல்ல. சார், கையெழுத்துப் போடறவங்களுக்குப் புரியணும்னு சொன்னீங்க. இதுவும் தேர்வு எழுதட்டும்."

"பதிலாளா? அதுக்கெல்லாம்..."

"சட்டத்துல 'மனிதர்'னு இல்ல சார், 'கையொப்பமிடுபவர்'னுதான் இருக்கு. நாலாம் பக்கம்."

அவர் நாலாம் பக்கத்தைத் தேடிப் படித்தார். உதட்டோரம் லேசாகச் சிரிப்பு வந்தது. "கேளுங்க."

"வீட்டோட கிழக்கு எல்லை என்ன?"

"பக்கத்து மனை," என்றது சேவியரின் குரல்.

அமலி பையிலிருந்து ஒரு நகலை எடுத்து, பொறியின் கண்ணாடியில் விரித்தாள். எழுபது வருடத்துக்கு முந்தைய தாய்ப்பத்திரம். நான்கு எல்லை விவரத்தில் பழைய கையெழுத்தில் இருந்தது: *கிழக்கே ஏரி உள்வாய்.* ஏரித் தண்ணீர் தேங்கி நிற்கும் இடம். பதிலாள்கள் முப்பது வருடத்துக்குத்தான் வில்லங்கம் பார்த்தன. ஏரி அதற்கும் முந்தைய பத்திரத்தில் இருந்தது.

"தாய்ப்பத்திரத்தைப் படிச்சியா?"

"படித்தேன். முப்பது ஆண்டுக்கு முந்தைய எல்லைகள் தாமதத்தை உண்டாக்கும். கருதப்படவில்லை."

ஹரிணி மெதுவாகத் தன் கைக்கடிகாரத்தை வாயருகே கொண்டுபோய் அதே கேள்வியைக் கேட்டாள். அவளுடைய சொந்தக் குரலில் அதே விடை வந்தது, சொல் மாறாமல். அவள் கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்தாள்.

தேர்வுப்பொறியில் சிவப்பு விளக்கு எரிந்தது. அது அணையவே இல்லை. குலோத்துங்கன் திரையைப் பார்த்தார், மறுபடி பார்த்தார்.

"எல்லாப் பதிலாளும் ஒரே மனசும்மா. ஒண்ணு தோத்தா எல்லாம் தோத்த மாதிரி. பன்னெண்டு வருஷமா அதுங்க போட்ட கையெழுத்தெல்லாம் நிறுத்தி வெச்சாச்சு." குரல் இறங்கியது. "இனி உங்க வீடும் உங்களுதில்ல."

"தெரியும்."

"என் வீடும்."

"அதுவும் தெரியும் சார். தாய்ப்பத்திரத்தை எடுத்துட்டு வாங்க. உக்காந்து படிக்கலாம்."

மறுநாள் காலை அந்தப் பழைய நாற்காலிகளில் இடமில்லை. கடன் வாங்கிய பென்சிலோடு ஒருவர், எழுத்துக்கூட்டிப் படிக்கும் அப்பாவைத் திருத்திக்கொண்டு ஒரு மகள், சண்டை போட்டுக்கொண்டு இரண்டு தம்பதிகள். முன்வரிசையில் ஹரிணி. யாருக்கும் சொந்த வீடு இல்லை. எல்லோர் கையிலும் பத்திரம் இருந்தது.

மதியம் அமலி யாருடையதுமில்லாத அந்த வீட்டுக்குப் போனாள். வாளி முற்றத்தில் கவிழ்ந்தபடியே கிடந்தது. நிரப்பி, அவர் நின்ற இடத்தில் நின்று சாய்த்தாள்.

தண்ணீர் கொஞ்சம் தயங்கியது. பிறகு வளைந்து, புதிதாகக் கட்டி வெள்ளையடித்திருந்த கிழக்குச் சுவரின் அடியில் போய் நின்றது.