கடைசிக் கட்டத்தில் ஒரு பிணம்

"ஐயோ... இட்சுகி!"

சவாகோவின் அலறல் கேட்டு அந்தப் புதிர் விளையாட்டுக் கம்பெனியே ஓடி வந்தது. க்யோட்டோவின் காலை வெயில் ஜன்னலில் வழிந்துகொண்டிருந்தது.

புது விளையாட்டின் கடைசிக் கட்டத்தை விளம்பரத்துக்காக நிஜ அறையாகவே கட்டியிருந்தார்கள். புதிரை விடுவித்தால்தான் கதவு திறக்கும். அதை உருவாக்கிய இட்சுகி, சவாகோவின் கணவன், உள்ளே செத்துக் கிடந்தான்!

ஆஸ்துமா. மருந்து வெளியே தொங்கிய கோட்டில்!

முதலாளி குசுமோட்டோ, விசாரிக்க வந்த இன்ஸ்பெக்டர் மினோபேவைக் குனிந்து வணங்கினார்.

"என் புதிரைத் திருடி விக்கப் பார்த்தான் சார். நேத்து சாயந்திரம் இந்த ரூம் இன்டர்காம்ல என்னைக் கூப்பிட்டான். 'ட்சுமி'ன்னு ஒரே வார்த்தை. வச்சுட்டான்."

"ட்சுமி... பாவம்!" மினோபே தலையாட்டினார். "செஞ்ச பாவம் உறுத்தியிருக்கு. வேணும்னே உள்ளேயே இருந்துட்டான்."

சவாகோ கண்களைத் துடைத்தாள்.

"உங்களுக்குத்தான் சார் அது பாவம். எங்க தொழில்ல ட்சுமின்னா வேற. வழி அடைஞ்சுபோச்சு, நகர இடமில்லன்னு அர்த்தம். விளையாட்டைச் சோதிக்கிற நாங்க நாளெல்லாம் கத்துற வார்த்தை. அவர் பாவத்தைச் சொல்லல... திறந்துவிடுன்னு கெஞ்சியிருக்கார்!"

குசுமோட்டோவின் முகம் ஒரு கணம் வெளுத்தது. உடனே சிரிப்பு வந்தது.

"அடடா... நான் தப்பாப் புரிஞ்சுக்கிட்டேனே! அதுக்கெல்லாம் ஜெயிலா, சார்?"

"இல்லை..."

"அப்புறம் என்ன? வீட்டுக்குப் போம்மா. காரியத்தைப் பாரு."

சவாகோ கணவனின் கைகளைப் பார்த்தாள். விரல் முட்டிகளில் தோல் உரிந்திருந்தது. தட்டியிருக்கிறான்... வெளியே யாரோ நிற்பது தெரிந்து தட்டியிருக்கிறான்!

அவளுக்குள் நெருப்பு பற்றியது.

"போறேன் சார். ஒண்ணே ஒண்ணு... இந்த இன்டர்காம் ஒயரை நேத்துக் காலைல நான்தான் கழட்டிப் போட்டேன். அவர் பேசினது உங்க காதுல எப்படி விழுந்தது?"

குசுமோட்டோவுக்குக் குப்பென்று வியர்த்தது.

"அது... வந்து... கதவுக்கு இந்தப் பக்கம்..."

"நின்னுக்கிட்டிருந்தீங்களா?" மினோபே நெருங்கினார்.

"தட்டினான் சார்! நான் திறந்திருப்பேன்... ஆனா புதிர் என்னோடதில்ல, அவனோடதுன்னு பத்திரிகைல சொல்லப் போறேன்னான். அதான் அவன் உள்ளே போனதும் பூட்டு ஒயரைப் பிடுங்கி... அவன் அடங்கினதும் மாட்டி..."

சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டார்.

டூ லேட்! கைகளில் விலங்கு விழுந்தது.

"நல்லவேளை, அந்த ஒயரைக் கழட்டினீங்கம்மா!" என்றார் மினோபே.

சவாகோ அறைக்குள் கை நீட்டி இன்டர்காமை எடுத்து, ஒரு பொத்தானை அழுத்தினாள்.

முதலாளியின் அறையில்...

ட்ரிங்ங்ங்!

"அடிப்பாவி! வேலை செய்யுதே!" குசுமோட்டோ அலறினார்.

"செய்யாம என்ன? பொய்யா ஒரு வழி காட்டினாத்தான் ஆடறவன் தானா வந்து விழுவான்னு நீதானேடா எங்களுக்கு இத்தனை வருஷமா பாடம் எடுத்தே!"