பாதியில் நின்ற எச்சரிக்கை

மேசைமேல் கிடந்த ரிசீவர் ஈரமாக இருந்தது.

பூவராகவன் முதலில் கூரையைத்தான் பார்த்தார். ஒழுகவில்லை. வெளியே மழையும் தொடங்கவில்லை. பிற்பகலிலேயே வானம் கறுத்துப்போய், ரோட்டோரத்து வேப்பமரங்கள் ஓர் இலைகூட அசையாமல் நின்றிருந்தன. ஆனால் அந்தக் கறுப்பு ரிசீவரின் துளைகளிலிருந்து தண்ணீர் கசிந்து, மேசைக் கண்ணாடியின்மேல் உள்ளங்கை அகலத்துக்குத் தேங்கியிருந்தது. அதில் ஆற்று வண்டலின் வாடை அடித்தது.

அதை இறக்கி வைத்தவர் அவரேதான். காலையில்.

எழுபத்தெட்டாம் வருடம், ஆவணி மாதம். டில்லியில் வெள்ள எச்சரிக்கை அறையில் அவருக்கு வேலை. யமுனைக் கரையோரக் கிராமங்களுக்குப் போன் போட்டு, வந்த எச்சரிக்கையைப் படித்துச் சொல்ல வேண்டும். எல்லா ஊருக்கும் இந்தி. ஆற்றுப்படுகையிலிருந்த செங்கல் சூளைக்கு மட்டும் தமிழ். மழைக்காலத்தில் சூளை எரியாது. ஊருக்குத் திரும்ப வழியில்லாத சில தமிழ்க் குடும்பங்கள் அங்கேயே தங்கியிருந்தன. அவர்களுக்காகப் போனை எடுப்பவன் காவல்காரன் பச்சைமுத்து, விருத்தாசலத்துக்காரன்.

ஆனியில் ஒருமுறை அவன் பாதிச் செய்தியைக் கேட்டதுமே போனை வைத்துவிட்டு ஓடிப்போய் எல்லோரையும் கிளப்பி, வெயிலில் கரைமேல் உட்கார வைத்துவிட்டான். மீதிப் பாதி, "அபாயம் இல்லை" என்பது.

"ஏம்ப்பா, ரயிலா போவுது? முழுசாக் கேட்டா என்ன?"

"இனிமே நீங்க முடிஞ்சுதுன்னு சொல்ற வரைக்கும் நகரமாட்டேன் சார். பெண்டாட்டி தாயம்மா கூப்ட்டாலும் நகரமாட்டேன்."

"அவ கூப்ட்டா மட்டும் போயிடு, அப்புறம் கஞ்சி கிடைக்காது."

மனைவி இந்திராணி பிரசவத்துக்கு ஸ்ரீமுஷ்ணம் போனதிலிருந்து, சரோஜினி நகர் குவார்ட்டர்ஸில் பூவராகவனுக்குச் சுவர்தான் துணை. நாள் முழுக்க அவர் பேசும் தமிழில் பெரும்பகுதி பச்சைமுத்துவோடு பேசுவதுதான்.

அலுவலக வழக்கப்படி எச்சரிக்கை இரண்டு பாகமாக வரும். முதலில் வானிலை, அடுத்தது ஆறு. காலையில் முதல் பாகத்தைப் படித்தார்: இடி மின்னலோடு பெருமழை வரும், வெட்டவெளியில் நிற்காதீர்கள், எல்லோரும் கூரைக்குள் இருங்கள். இரண்டாம் பாகத்துக்குத் தாளைப் புரட்டும்போது பியூன் வந்து நின்றான். "பாபுஜி, சாப் கூப்பிடறார். ஜல்தி."

"பச்சைமுத்து, லைன்லயே இரு. வந்துடறேன்."

மாடியில் வரைபடத்தைச் சுற்றி அதிகாரிகள். கேள்விமேல் கேள்வி. மீதியைப் பக்கத்து மேசைக் கஸ்தூரிரங்கன் சொல்லியிருப்பான் என்று நினைத்துக்கொண்டார். இப்போது இறங்கி வந்தால் அறையில் ஒருவருமில்லை. எல்லோரும் ஜீப்பில் ஆற்றங்கரைக்குப் போயிருந்தார்கள்.

இரண்டாம் பாகம் பேப்பர் வெயிட்டின் கீழ் அப்படியே இருந்தது. அணையில் தண்ணீர் திறந்தாயிற்று. மதியத்துக்குள் படுகையைவிட்டுக் கரைமேல் ஏறிவிட வேண்டும்.

ரிசீவரை எடுத்தார். காதில் வைத்ததும் குளிர்ந்தது. இரைச்சல் இல்லை, விசில் இல்லை; கிணற்றுக்குள் தலையை விட்டுக் கேட்பதுபோல அடர்ந்த ஒரு நிசப்தம், அதன் அடியில் எங்கோ ஒரு பொருள் மெதுவாக இன்னொன்றின்மேல் மோதி, விலகி, மறுபடியும் மோதிக்கொண்டிருந்தது.

"சார்."

அவருக்கு மூச்சு வந்தது. "பச்சைமுத்து! இன்னுமா லைன்ல இருக்கே?"

"நீங்க இருக்கச் சொன்னீங்களே சார்."

"மத்தவங்கள்லாம்?"

"எல்லாம் கொட்டாய்க்குள்ளாரதான் இருக்கோம். நீங்க சொன்னாப்பல." வாய் நிறைய எதையோ வைத்துக்கொண்டு பேசுவது போலிருந்தது குரல்.

"அங்க மழை வந்துடுச்சா?"

"தெரியலீங்க சார். ஒரு சத்தமும் கேக்கல."

"தாயம்மா எங்க?"

"இங்கதான். அது தலை கூரைத் தகரத்துல இடிக்குது சார். புள்ளைங்களும் மேலதான் இருக்குதுங்க."

மோதி, விலகி, மோதி. அது என்ன சத்தம் என்று இப்போது அவருக்குத் தெரிந்தது.

பக்கத்து மேசைப் போன் அலறியது. எட்டி எடுத்தார். மறு காதில் கஸ்தூரிரங்கன், ஆற்றங்கரையிலிருந்து, வெள்ள இரைச்சலோடு போட்டியிட்டுக் கத்தினான்.

"பூவராகா! சூளைப் பக்கம் எல்லாம் தண்ணிடா! புகைபோக்கி நுனிதான் தெரியறது. அவாளுக்குச் சொன்னியோ இல்லையோ?"

"நீ... நீ சொல்லலையா?"

"நானா? உன் ஆளுங்கடா அவா! நீதானே எப்பவும்..."

அந்த லைன் அறுந்தது. இந்த லைன் அறுபடவில்லை.

"சார். மீதி சொல்றீங்களா?"

வைத்துவிடலாம். வைத்தால்? அங்கேயே நிற்பார்கள். இருட்டில். கேட்டுக்கொண்டே.

அவர் தாளை எடுத்தார். "அணையில்... தண்ணீர் திறந்துவிடப்பட்டிருக்கிறது." ஒவ்வொரு வரிக்கும் அந்தப் பக்கம் "ம்" என்றார்கள். ஒருவர் அல்ல. பலர். குழந்தைகளும். "உடனே... மேடான இடத்துக்குப் போய்விடுங்கள்."

"எந்த மேடுங்க சார்? இங்க ஒண்ணும் தெரியலீங்களே."

"எங்கயாவது... எங்க மேடோ அங்க, பச்சைமுத்து."

"நீங்க இருக்கறது மேடுங்களா?"

பதில் சொல்லக் கூடாது. ஆனால் யாராவது தமிழில் கேட்டால் பதில் சொல்லியே பழகிவிட்ட வாய்.

"ஆமாம்."

"சரிங்க சார்."

மறுமுனையில் ரிசீவரை மெதுவாக வைத்தார்கள்.

அப்போதுதான் மழை இறங்கியது. ஒரே கொட்டாக. மின்சாரம் போயிற்று. ஜன்னல் கதவு அடித்துக்கொண்டது. வண்டல் வாடை இப்போது ரிசீவரிலிருந்து வரவில்லை. வாசல் பக்கத்திலிருந்து வந்தது.

காலடிச் சத்தம் இல்லை.

உரசல். ஏதோ ஒன்று வராந்தாவின் காரைக் கூரையில் உரசிக்கொண்டே வந்தது. பின்னால் இன்னொன்று. இன்னும் பல.

மின்னல்.

வலைக்கதவுக்கு அப்பால் பச்சைமுத்து. அவனுக்குப் பின்னால் தாயம்மா. பின்னால் மற்றவர்கள், குழந்தைகளின் கையைப் பிடித்துக்கொண்டு, ரேஷன் கடை வரிசைபோல ஒழுங்காக. எல்லோருடைய தலையும் கூரையில் இடித்துக்கொண்டிருந்தது. புடவைகளும் தலைமயிரும் மெதுவாக, மிக மெதுவாக அலைந்தன. அவர்களுடைய பாதங்களுக்கு வெகு கீழே தரை காய்ந்து கிடந்தது.