காற்றுக் கோபுரத்துப் பெட்டி

"அக்கா, பெட்டியைக் காணேல்லை!" மூச்சிரைக்க வந்து நின்றார் பொறியியலாளர் சுதாகரன்.

ஓய்வுபெற்ற பொலிஸ் அதிகாரி விமலேஸ்வரி கதிரையைக் காட்டினார். "இருந்து சொல்லுங்கோ."

பூநகரிக் கரையில் காற்றின் வேகத்தை அளக்க ஒரு கோபுரம் நின்றது. ஓராண்டுக் கணக்கு முழுவதும் அதன் அடியிலிருந்த பெட்டிக்குள். அது இல்லாவிட்டால் கடலுக்கு அக்கரையிலுள்ள அயல்நாட்டுடனான காற்றாலைப் பேச்சு தள்ளிப்போகும்.

"மீன்பிடிக்கிற மரியநேசனைப் பொலிஸ் பிடிக்கப்போகுது. 'எங்கட வலையை அறுக்கிற அக்கரைக்காரங்களுக்குக் காற்றையும் குடுக்கிறதோ' எண்டு ஊர்க் கூட்டத்தில கத்தினவர்."

"அப்ப அவர்தான்!" என்றாள் விமலேஸ்வரியின் உதவியாளர் நிதர்சனா. மாலை வகுப்பில் சட்டம் படிப்பவள். சொன்ன கையோடு, அவசரப்பட்டுவிட்டோமோ என்று உள்ளுக்குள் குறுகினாள்.

மூவரும் போய்ப் பார்த்தபோது, கோபுரத்தடியில் எல்லாவற்றிலும் உப்புப் புழுதி படிந்திருந்தது. உச்சியிலுள்ள சிவப்பு விளக்குக்கான சூரியத் தகடு மட்டும் பளிச்சென்றிருந்தது. பற்றரியும் அப்படியே இருந்தது.

பக்கத்து வீட்டு மதலேனா வேலியருகே வந்தார். அவர் மகன் றஜித், படகு இயந்திரம் பழுதாகிக் கடல் எல்லை தாண்டியதால் அக்கரைச் சிறையில் இருக்கிறான்.

"தம்பி, அப்ப திரும்ப முதல்ல இருந்து அளப்பியளோ? கோபுரம் நிக்குமோ?"

"ஓம் அம்மா, இன்னொரு வருசம். இல்லாட்டி வாற கிழமை கோபுரத்தைக் கழட்டியிருப்பம்."

விமலேஸ்வரி மெல்லத் திரும்பினார். "கோபத்தில வந்தவர் விளக்கை உடைச்சிருப்பார். களவெடுக்க வந்தவர் பற்றரியைக் கொண்டுபோயிருப்பார். இஞ்ச வந்தவர் தகட்டைத் துடைச்சிருக்கிறார், விளக்கு எரியவேணுமெண்டு. கடலுக்குப் போன ஆள் திரும்புமட்டும் இந்தப் பக்கத்து வீடுகளில விளக்கு நூர்க்கமாட்டினம், விடியவிடிய எரியும். எல்லாரும் ஆர் எடுத்ததெண்டுதான் கேட்டினம். கோபுரம் நிக்குமோ எண்டு கேட்டது நீங்கள் ஒராள்தான், மதலேனா அக்கா."

மதலேனா மறுக்கவில்லை. "கழட்டினா என்ர பிள்ளை எதைப் பார்த்துக் கரைக்கு வருவான்?"

சுதாகரனின் குரல் தணிந்தது. "அம்மா, அந்தப் பேச்சு மின்சாரத்துக்கு மட்டுமில்லை. கடல் காவலும், பிடிபட்ட ஆக்களை விடுறதும் அதே மேசையிலதான்."

மதலேனா குசினிக்குள் போய், றஜித் உடுத்தும் சாரத்தில் சுற்றியிருந்த பெட்டியைக் கொண்டுவந்தார். "கெதியாக் கொண்டுபோங்கோ தம்பி. இனிச் சுணக்காதேங்கோ."

"கழட்டேக்க விளக்கை அந்தப் பனையில கட்டிவிடலாம். கடலுக்குத் தெரியும்," என்றாள் நிதர்சனா.

"அக்கரைக்குத் தெரியுமோ, பிள்ளை?"

விடை நிதர்சனாவுக்குத் தெரியும். இம்முறை அதைச் சொல்ல அவள் அவசரப்படவில்லை.