உறையின் மூலையில் இல்லாத கையெழுத்து

தன்னைத் தானே சுட்டுக்கொண்டவனுக்குக் கல்லறைத் தோட்டத்தில் இடமில்லை, வேலிக்கு வெளியேதான் புதைக்க வேண்டும் என்று பாதிரியார் சொல்லிவிட்டார். மறுநாள் அடக்கம். ஹெப்சிபா கார்வித் நேரே ஷெரிஃப் எஸ்ரா தோர்ன்பரியிடம் வந்து, கணவரின் கடைசிக் கடிதத்தை உறையோடு மேசைமேல் வைத்தாள்.

"எழுத்து அவரோடது மாதிரிதான் இருக்குங்க ஐயா. ஆனா அவர் எழுதல."

1858-இல் ஒஹையோவின் அந்த ஊரில் சைலஸ் கார்வித்தை அறியாதவர் யார்! விறகு வெட்டிப் பிழைத்துக்கொண்டே இரவல் புத்தகத்தில் சட்டம் படித்தவர். குதிரையில் ஊர் ஊராகப் போய் வழக்காடியவர். பன்னிரண்டு வருடமாக வாஷிங்டனில் காங்கிரஸ் சபை உறுப்பினர். அப்பேர்ப்பட்ட மனிதர் செவ்வாய்க்கிழமை தன் வக்கீல் ஆபீசில் மார்பில் குண்டோடு கிடந்தார். மறுநாள் பண்ணையில் இருந்த மனைவிக்குக் கடிதம் வந்தது. 'ரயில் கம்பெனியிடம் லஞ்சமாக நிலம் வாங்கிக்கொண்டு சபையில் அவர்களுக்காக ஓட்டுப் போட்டேன். வெட்கத்தில் சாகிறேன்.'

துணை ஷெரிஃப் ஜூபல் பரபரத்தார். "அச்சு அசல் அவர் எழுத்துதான் ஐயா! பாவம், அந்தம்மாவுக்கு மனசு ஒப்பல."

தோர்ன்பரி உறையையே திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அம்மா, வாஷிங்டன்லேருந்து அவர் போட்ட கடுதாசி எதுலயாவது தபால்தலை உண்டா?"

"எதுக்குங்க? காங்கிரஸ் மெம்பருக்குத் தபால் இலவசமாச்சே. உறை மூலைல கையெழுத்துப் போட்டாப் போதும்..." மேசைமேல் இருந்த உறையில் ஒட்டியிருந்த சிவப்புத் தபால்தலையைப் பார்த்தவள் பேச்சை நிறுத்தினாள்.

"சாகப்போற மனுஷன் மறந்திருப்பாரு ஐயா," என்றார் ஜூபல்.

"மறந்தா கை பழகின வழிலதான்யா போகும். கடைல போய் தபால்தலை வாங்காது. அந்தக் கையெழுத்தைத் தபால் மாஸ்டர் தினமும் பாக்குறாரு. போலியைப் போட எவனோ பயந்திருக்கான். அம்மா, அவர் மாதிரியே எழுதக்கூடியவங்க யாரு?"

"ஃபினியஸ் டிரம்மல். இருபது வருஷமா கூட்டா வக்கீல் தொழில் பண்றாங்க. இவர் இல்லாதப்ப இவர் எழுத்துலயே மனு எழுதுவாரு."

உறையைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு தோர்ன்பரி டிரம்மல் வீட்டுக்குக் கிளம்பினார். மற்ற இருவரும் உடன் போனார்கள்.

"வக்கீலய்யா, ஒரு சின்ன சந்தேகம்," என்றார் டிரம்மலிடம். "சைலஸ் போட்ட கடைசிக் கடுதாசில, உறை மூலைல கையெழுத்தே இல்ல. தபால்ல எப்படி எடுத்துக்கிட்டாங்க?"

டிரம்மல் சிரித்தார். "இது தெரியாதா ஷெரிஃப்? அதான் தபால்தலை ஒட்டியிருக்கே, கையெழுத்து எதுக்கு?"

"நீங்க உறையை எங்க பாத்தீங்க? அம்மா கைலேருந்து நேரா என் பைக்கு வந்துச்சு. தபால் மாஸ்டரும் யார்கிட்டயும் மூச்சு விடல. வர்ற வழில கேட்டுட்டுத்தான் வந்தேன்."

கோர்ட்டில் எத்தனையோ சாட்சிகளை இப்படி மடக்கியவர் டிரம்மல். முகம் வெளுத்து நாற்காலியில் சரிந்தார். ஹெப்சிபாவைப் பார்த்துப் பேசினார்.

"எழுத்துதான் பொய்மா. விஷயம் நிஜம். நிலத்தை ரெண்டு பேருமேதான் வாங்கினோம். வர்ற திங்கக்கிழமை காங்கிரஸ் சபைல எந்திரிச்சு எல்லாத்தையும் சொல்லப்போறேன், நீயும் வாடான்னு கூப்பிட்டான். எனக்குத் தைரியம் வரல. அவன் வாயை அடைக்க நான்தான் சுட்டேன்."

ஜூபல் அவள் பக்கம் குனிந்தார். "அம்மா, கல்லறைல இடம் கெடைச்சிரும். நிலச் சமாச்சாரத்தை வாக்குமூலத்துல எழுத வேண்டாம். அவர் பேராவது மிஞ்சட்டும்."

ஹெப்சிபா வாய்விட்டு அழுதாள். அழுது முடித்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு தோர்ன்பரியிடம் சொன்னாள்.

"நிலம் வாங்கினதையும் எழுதுங்க ஐயா. அதைச் சொல்லப் போய்த்தானே செத்தாரு."