மூன்றாவது படுக்கையறை

வாசல் விரிப்பின் மேல் ஒரு குழந்தையின் ரப்பர் பூட்ஸ் கிடந்தது. அதில் ஒட்டியிருந்த பனி உருகவே இல்லை.

மார்லிஸ் கோட்டைக்கூடக் கழற்றாமல் அதைப் பார்த்தபடி நின்றாள். வீட்டுக்குள் நல்ல சூடு. வீடு பார்க்க வருகிறவர்களை மயக்குவதற்காகத் தரகர் டென்னி சுட்டுவைத்த பிஸ்கட்டின் லவங்கப்பட்டை வாசனை கூடமெங்கும் கனத்துக் கிடந்தது. கீழ்த்தளத்தில் ஹீட்டர் உறுமி உறுமி சூடான காற்றை மேலே தள்ளிக்கொண்டிருந்தது. வந்தவர்கள் பூட்ஸை வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போவார்கள், சரி. ஆனால் இந்தப் பனியில் எந்தக் குழந்தை அதை விட்டுவிட்டுத் திரும்பிப் போகும்?

வீட்டைக் காட்டும்போது வீட்டுக்காரி இருக்கக்கூடாது என்று டென்னி சொன்னதால் மதியம் முழுக்க அவள் நூலகத்தில் உட்கார்ந்திருந்தாள். இறைச்சி ஆலை மூடியதிலிருந்து கெல்ஸ்பர்க்கில் வீட்டு விலை சறுக்கிக்கொண்டே போகிறது. அவள் தெருவில் பாதி வீடுகளின் ஜன்னல்களில் பலகை அடித்துவிட்டார்கள். இந்த வீடு விலைபோனால்தான் ஒமாஹாவுக்கு, மகளிடம் போகலாம். இன்னொரு குளிர்காலத்தை இங்கே தனியாகக் கழிக்க அவள் தயாராக இல்லை.

சமையலறையில் போன் அடித்தது. டென்னிதான்.

"சரியான அமுக்குணி நீங்க, மார்லிஸ்! மூணாவது பெட்ரூம் இருக்குன்னு ஒரு வார்த்தை சொன்னீங்களா?"

"மூணாவதா?"

"மாடியில, நடைக் கடைசியில. நான் கீழ அடுப்போட மல்லுக்கட்டிட்டு இருந்தேன். வீடு பாக்க வந்த சான்ட்விக்கும் அவர் சம்சாரமும் மட்டுந்தான் மேல போனாங்க. உங்க பேத்தி கூட்டிட்டுப் போய்க் காட்டினாளாம். படு சூட்டிகை! மூணு ரூம்னா பத்தாயிரம் டாலர் கூடவே தர்றாங்களாம். முடிச்சிடவா?"

அவளுக்குப் பேத்தி கிடையாது. முப்பது வருஷமாக இந்த வீட்டில் இருப்பது இரண்டே படுக்கையறை. நடைக் கடைசியில் வெறும் சுவர்தான். அதைச் சொல்ல வாய்வரை வந்தது. சொன்னால் இந்த ஆட்களும் போய்விடுவார்கள். அப்புறம் யார் வரப்போகிறார்கள்?

"முடிச்சிடு," என்றாள்.

"அப்படிப் போடுங்க! பக்கத்துலதான் இருக்கேன். இப்பவே வந்து 'வித்தாச்சு' பலகைய நட்டுடறேன்."

போனை வைத்தாள். மாடியில், நடையின் கடைசிப் பக்கமிருந்து, ரொம்ப நாளாகத் திறக்காத ஒரு கதவு மெல்ல, மரத்தோடு மரம் உரசி முனகிக்கொண்டு திறக்கும் சத்தம் கேட்டது. பிறகு காலடி. ஈரமான காலுறை தரையில் ஒட்டி ஒட்டி எடுபடும் சத்தம். லவங்கப்பட்டை வாசனைக்கு அடியிலிருந்து நனைந்த மண்ணின் வாடை ஏறி வந்தது.

"யாரு?"

காலடி நின்றது. மறுபடி தொடங்கியது. மாடிப்படியில் இப்போது.

மார்லிஸ் கூடத்துக்கு ஓடினாள். வாசல் கதவைத் திறக்கக் கை நீட்டினாள்.

கதவு இல்லை.

சுவர். பூப்போட்ட காகிதம் ஒட்டிய சுவர். பழசு. ஓரங்களில் மஞ்சள் பூத்திருந்தது. ஜன்னல் பக்கம் திரும்பினாள். அங்கேயும் அதே பூ. அதே மஞ்சள்.

வெளியே கார் வந்து நின்றது. உறைந்த மண்ணில் கம்பம் இறங்கும் சத்தம். டம். டம். டென்னி சீழ்க்கையடித்துக்கொண்டிருந்தான்.

"டென்னி! நான் உள்ள இருக்கேன்! டென்னி!"

இரண்டு கையாலும் சுவரை அறைந்தாள். சீழ்க்கை நிற்கவில்லை. கார்க் கதவு மூடும் சத்தம். கார் போய்விட்டது.

படியிறங்கி வந்த காலடியும் ஓய்ந்தது. அவளுக்கு நேர் பின்னால்.

சில்லென்ற சின்னக் கை ஒன்று அவள் விரல்களைப் பற்றியது. மெல்ல, மாடிப் பக்கமாக இழுத்தது.