நாற்பத்தேழாம் நம்பர் விளக்கு

அந்தப் பழைய மேசை விளக்கைத் தூக்கிப் போட இன்றுவரை அவளுக்கு மனம் வரவில்லை. பதினோரு வருடமாகிவிட்டது. பார்த்தாலே போதும்... அந்த மழை மாதம் கண்ணுக்குள் வந்து நிற்கும்.

அப்போது அவள் சோதனைப் பிரிவில் இருந்தாள். இணையம் வழியே எரியும் விளக்குகள் செய்யும் கம்பெனி. நிஜ விளக்குகள் கடைக்குப் போகுமுன், கம்ப்யூட்டருக்குள் நூறு பொய் விளக்குகளை உண்டாக்கி, "எரி" என்றால் "எரிஞ்சாச்சு" என்று பதில் சொல்ல வைப்பது அவள் வேலை.

ஒரு நாள் நனைந்த தலையோடு ஒருவன் வந்து நின்றான். மேல்மாடி இன்ஜினியர்.

"ஏங்க, எங்கம்மா புத்தகம் படிக்கிற நேரமாப் பார்த்து விளக்கை அணைக்கிறது நீங்கதானா?"

"நானா? என்கிட்ட இருக்கிறதெல்லாம் பொய் விளக்குங்க!"

"எங்க வீட்டுல நான் சோதனைக்கு வச்சிருக்கிறது நிஜ மேசை விளக்கு. நாற்பத்தேழாம் நம்பர். பேய் பிடிச்ச மாதிரி ஆடுது."

"அப்ப மந்திரிச்சுப் பாருங்க. என் மேல தப்பில்ல!"

சிரித்துவிட்டான். அடடா... ஈர இமைகளும் சேர்ந்து சிரித்தன.

அவன் போனதும் பட்டியலைப் பார்த்தவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒரு பொய் விளக்குக்கு அதே நாற்பத்தேழை இவள்தான் கொடுத்திருந்தாள்! இங்கே இவள் அணைத்தால் அங்கேயும் அணையாமல் என்ன செய்யும்? சத்தமில்லாமல் அந்த நம்பரை மாற்றினாள். மன்னிப்புக் கேட்க மட்டும் வாய் வரவில்லை. வீம்பு!

"விளக்கு இப்ப சமர்த்தா இருக்குங்க" என்பான் படிக்கட்டில். தெரிந்துகொண்டேதான் சொல்கிறான்! அவள் தலையைக் குனிந்துகொண்டு போய்விடுவாள். மூன்று வாரம் இப்படியே ஓடியது.

பிறகு அவளுக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்தது. கடைசி நாளன்று பார்த்து அவன் லீவு; அம்மாவுக்குக் காய்ச்சலாம். ஒரு வார்த்தை பேசாமலே போய்விட்டால்...?

மாலை ஐந்து மணி. ஜன்னலில் மழை. அந்தப் பொய் விளக்குக்கு நாற்பத்தேழைத் திரும்பப் போட்டாள். எரி... அணை... எரி...

மேசை போன் அலறியது.

"என்னங்க, மறுபடியும் நம்பரைத் தப்பாப் போட்டுட்டீங்களா?"

"இல்லீங்க... அன்னைக்குத்தான் தப்பாப் போட்டேன். தப்பு என்னோடதுதான். இன்னைக்கு... வேணும்னேதான் போட்டேன்."

"எதுக்கு?"

"போறதுக்குள்ள உங்க குரலைக் கேட்கணும்னு... எனக்கு உங்களைப் பிடிச்சிருக்குங்க."

மறுமுனையில் அவனுக்குப் பின்னாலிருந்து அம்மாவின் குரல்: "டேய், அந்தப் பொண்ணா? மூணு வாரமா விளக்கு ஆடவே இல்லையேன்னு மூஞ்சியைத் தூக்கி வச்சுட்டிருந்தியே... பேசேன்டா!"

"மானத்தை வாங்கிட்டாங்க..." என்றான் அவன். "ஆனா, அம்மா சொன்னது நிஜம்தாங்க."